கையொப்பமும் ஆளடையாளமும்

ஓர் உறுதியிற் கையொப்பம் இடப்பட்டிருத்தல் ஒன்று. அதனை இட்டவன் இன்னானே என நிறுவுதல் பிறிதொன்று. முன்னது கண்ணாற் காணப்படுவது. பின்னது சான்றாற் பெறப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுமிடத்தே பொய்யுறுதி பிறக்கின்றது. நொத்தாரிசின் முன் நேரில் வாராமலே, கணினி வழியாக உறுதி முடிக்கும் முறை இன்று சில நாடுகளில் வழங்குகின்றது. ஆதலின், கையொப்பமிடுவோனை முன்னோர் எவ்வாறு இனங்கண்டனர் என்பதை ஆராய்தல் பயனுடைத்தாம்.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உரைக்கும் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு சைவர் யாவரும் அறிந்தது. மணப்பந்தரில் வந்து வழக்குத் தொடுத்த முதியவர் காட்டிய ஓலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்தார். கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையிற் காட்டப்பட்டது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றும் சான்றாகப் பேசப்பட்ட அவ்வவையோர், ஓலையைப் படித்த அளவில் அமைந்திலர். சாட்சியாக ஒப்பமிட்டோரின் எழுத்தை ஆராய்ந்தனர். நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டனையும் ஒத்து நோக்கினர். பக்திப் பெருக்கிற் படிக்கும் நாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவர் ஒருவர் எழுத்தொப்பு நோக்கும் முறையை இத்துணை நுணுக்கமாக அறிந்திருந்தார் என்பதைக் கருதாது விடுகின்றோம்.

எழுதத் தெரியாதார் நிலை யாது? அவர் இட்ட குறி 'தற்குறி' எனப்பட்டது. இக்காலத்தில் எழுத்தறியாதானை இழித்துரைக்கும் சொல்லாய்த் தேய்ந்துவிட்ட இது, முன்னர் ஒருவன் தன் கையால் இட்ட அடையாளத்தைக் குறித்த சொல்லாகும். அக்குறி இன்னாருடையது என எழுத்தறிந்தார் ஒருவர் சான்று கூறி ஒப்பமிடுதலும் கல்வெட்டுக்களிற் காணப்படும் வழக்கம். குறி தானே பேசாது; அதனை இட்டவனை அறிந்த பிறனொருவனே அதற்கு வாயாகின்றான் என்பது இதனாற் பெறப்படும்.

இனி நம் கண்டிப் பகுதியை நோக்குவோம். 1815-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆந் திகதி கண்டி உடன்படிக்கை நிறைவேறியது. அதில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் நம்மூர்ப் பெயராகிய பிலிமத்தலாவை என்னும் குடிப்பெயர் பூண்டாரும் உளர். பிரதானிகள் சிலரின் ஒப்பங்கள் தமிழெழுத்தில் அமைந்தமை வரலாறு கற்போர் நன்கறிந்த செய்தி. ஓர் அரசையே கைமாற்றிய அவ்வாவணத்தின் ஒப்பங்களைப் பற்றியும் அண்மைக் காலத்தில் ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன. கண்டார் மறைந்த பின், மை மாத்திரம் நின்று அவ்வையங்களைத் தீர்க்க இயலாது.

ஆங்கிலர் ஆட்சியில் 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காணியை விற்கும் உறுதி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்க ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என அது விதித்தது. 1907-ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், ஒப்பமிடுவோனை நொத்தாரிசாவது சாட்சிகளாவது அறிந்திருத்தல் வேண்டும் என்றும், அவ்வறிவை அத்தாட்சியில் எழுதுதல் வேண்டும் என்றும் கட்டளையிட்டது. உறுதியின் ஒரு பிரதி நொத்தாரிசிடமும், மற்றொன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். வெண்ணெய்நல்லூர்க் காப்பின் பயனை இங்கே பதிவகம் தருகின்றது.

ஊரார் ஒருவரையொருவர் அறிந்த காலத்தில் இவ்விதி போதியதாயிற்று. ஊர் நகரமாகி, அயலான் யாரென்று அறியாத நிலை வந்தபோது, 'அறிவேன்' என்னும் சொல் வெறுஞ் சடங்காய்ச் சுருங்கியது. முன்பின் அறியாதானை அறிந்ததாக ஒப்பமிடும் சாட்சி, ஆள்மாறாட்டஞ் செய்வானுக்குக் கதவு திறந்துவிடுகின்றான்.

இக்குறையை உடற்குறி கொண்டு தீர்க்க முயன்றோருள் முன்னின்றவர் வங்காளத்தில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஏர்சல். அவர் 1858-இல் ஓர் ஒப்பந்தத்தில் கையின் பதிவை வாங்கினார். 1877-இல் ஊக்ளியில் உறுதிப் பதிவிலும் ஓய்வூதியம் வழங்குவதிலும் விரற்பதிவைப் பயன்படுத்தினார். 1897-இற் கல்கத்தாவில் விரற்பதிவுப் பணிமனை நிறுவப்பட்டது. விரற்பதிவு இருவரை வேறுபடுத்திக் காட்டும். ஆயினும் முதன்முதற் பதிந்தவன் பெயர் யாதென்பதைப் பிறரே கூறல் வேண்டும்.

இலங்கையில் 1968-ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் வழி 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். தோட்டப் பகுதிகளிற் பிறந்த நம்மவர் பலர்க்கு அச்சான்றே இல்லாதிருந்தது. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் முன்னும் தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்தைக் காட்டத் தாளில்லாது அவர்கள் திகைத்து நின்றனர். அயலார் அனைவரும் அறிந்த ஒருவனை அரசு அறியாதிருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

இன்றைய மின்னொப்பம் 1970-களில் வகுக்கப்பட்ட இரட்டைத் திறவுகோற் கணிதத்தின்மேல் நிற்கின்றது. மறைதிறவுகோலால் இட்ட ஒப்பத்தை வெளித்திறவுகோலால் எவரும் சோதிக்கலாம். ஆவணத்தில் ஓரெழுத்து மாறினும் அது புலப்படும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் காணொளி வழி நொத்தாரிசு அத்தாட்சிக்கு 2011-இல் இடந்தந்தது. அங்கே அடையாள அட்டையைச் சோதித்தல், ஒருவரின் முன்வரலாறு பற்றி வினாவுதல் முதலிய முறைகள் கையாளப்படுகின்றன. நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு இலத்திரனியற் கொடுக்கல்வாங்கற் சட்டமோ, இயற்றப்பட்டபோது மரணசாசனத்தையும் அற்றோர்ணித் தத்துவத்தையும் காணி விற்பனையையும் புறத்தே நிறுத்தியது. அது மடமையன்று, எச்சரிக்கையே.

என்னை? கணிதம் திறவுகோலை மெய்ப்பிக்கும். திறவுகோலைப் பிடித்த கையை மெய்ப்பிக்காது. முதிய தாயின் திறவுகோலை மகன் வைத்திருப்பின், இயந்திரம் மகனையே தாயென ஏற்கும். அவள் பிறர் அச்சுறுத்தலின்றி ஒப்பமிட்டாளா என்பதையும் அது அறியாது. ஆகவே, ஓலையாயினும் தாளாயினும் மின்னாயினும், அறிந்தவன் ஒருவன் பொறுப்பேற்றுச் சான்று கூறுதலே ஆவணத்தின் உயிர். புதிய கருவிகளை ஏற்போம். ஏற்குங்கால், தாளில்லாத ஏழையை அறிந்து சொல்லும் அயலான் நாவிற்கும் அவற்றிடையே இடம் வைப்போமாக. நம் மாணவருட் சிலர் நாளை நொத்தாரிசுகளாவர்; பலர் சாட்சிகளாவர். 'இவரை யான் அறிவேன்' என்று எழுதுமுன், உண்மையில் அறிந்துகொள்வது அவர் கடன்.