ஒன்றரை ரூபாய்க்கு ஒரு வீரன்

மாதத்தில் இரண்டு நாள் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கிருத்திகை மாதிரி. ஒன்று, ஒன்றாம் தேதி. இன்னொன்று, பதினைந்தாம் தேதி. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்த பெட்டிக்கடையில் அந்த நாட்களில்தான் புது ராணி காமிக்ஸ் வந்து தொங்கும். விலை ஒன்றரை ரூபாய். 1984 ஜூலையில் அது தொடங்கியபோது எனக்குப் பத்து வயது.

எங்கள் வீட்டில் தறி ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நைனாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பேன். கூலி வாங்கி வரும் அன்று அவர் என் கையில் எழுபத்தைந்து காசு வைப்பார். இரண்டு வாரம் சேர்ந்தால் ஒன்றரை ரூபாய். அதற்குமேல் ஒரு காசு வராது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு புத்தகம். எந்தப் புத்தகம் என்பதுதான் அந்த இரண்டு வாரமும் மனசுக்குள் ஓடும்.

கடையில் ஒரு சணல் கயிறு. அதில் துணி கிளிப் போட்டு வரிசையாகப் புத்தகங்கள். ஓர் ஓரத்தில் அம்புலிமாமா, அதன் பக்கத்திலேயே தெலுங்குச் சந்தமாமா. பிறகு ராணி, லயன், முத்து. 1986-க்குப் பிறகு திகிலும் சேர்ந்துகொண்டது. அட்டையைப் பார்க்கலாம், தொடக்கூடாது. நான் நின்றபடி நிற்பேன். "இன்னா பாப்பா, இன்னும் முடிவு பண்ணலியா? ரெண்டு வண்டி போயிடுச்சி" என்பார் கடைக்காரர். "இருண்ணா, யோசிக்கிறேன்" என்பேன். அவர் விரட்டியதில்லை.

இப்படி நின்று யோசிக்கிற பிள்ளைகளைத் தமிழில் உண்டாக்கியது சிவகாசி. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் நாட்காட்டிக்கும் வண்ண அச்சுப் போட்டுப் பழகிய ஊர் அது. அங்கே 1972-இல் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், பதின்வயதைக்கூடத் தாண்டாதவர், லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே ஜூலையில் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸை இறக்கியது. ஒரே மாதத்தில் இரண்டு புதுப் பெயர்கள் கயிற்றில் ஏறின. எங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வேலை அன்றுதான் உண்மையில் தொடங்கியது.

லயனின் முதல் இதழ் ஒரு பெண்ணின் கதை: 'கத்தி முனையில் மாடஸ்டி'. ராணியின் முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட்: 'அழகியைத் தேடி'. பாண்ட் அட்டையைப் பார்த்த அம்மா, "பொம்பளப் புள்ள படிக்கிற புஸ்தகமா இது?" என்று பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்துக்கும் செய்தித்தாளில் அட்டை போட்டே வீட்டுக்குள் கொண்டு வந்தேன். மாடஸ்டியைப் படித்த பிறகு நைனாவிடம் கேட்டேன், இந்த அக்கா மாதிரி நானும் ஒண்டியாக மெட்ராஸ் போய் வரட்டுமா என்று. அவர் சிரித்துவிட்டு, "முதல்ல அரக்கோணம் போய்ட்டு வா" என்றார்.

நாங்கள் ஐந்து பேர். சரவணப் பொய்கைப் படிக்கட்டில் கூடுவோம். எங்களுக்குள் ஒரு சட்டம்: இருவர் ஒரே புத்தகம் வாங்கக்கூடாது. ஐந்து பேரும் ஐந்து வாங்கினால் ஆளுக்கு ஐந்து படிக்கலாம். அதனால் ஒவ்வொரு தடவையும் பேச்சு நடக்கும். போன இதழின் கடைசிப் பக்கத்தில் வந்த 'அடுத்த வெளியீடு' விளம்பரத்தை விரித்து வைத்துக்கொண்டு வாதாடுவோம். 'தொடரும்' என்று முடிகிற கதையை ஒருவரும் எடுக்கமாட்டோம். அடுத்த தடவை காசு இருக்குமோ இருக்காதோ. கோடை மலரும் தீபாவளி மலரும் கனமானவை, விலையும் கனம். அதற்கு ஐந்து பேரும் சேர்ந்து காசு போடுவோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் உறவுக்காரர்கள் கையில் திணித்துவிட்டுப் போகும் எட்டணாவும் அதில்தான் சேரும்.

எங்களில் ஒருத்தி வீட்டில் தெலுங்கு பேசுவாள். 1960 ஏப்ரல் முதல் தேதிக்கு முன்பு திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடிய பிறகே எல்லை மாறியது. ஆனால் தெருவில் எந்த எல்லையும் கிடையாது. அவள் சந்தமாமா வாங்குவாள், இன்னொருவன் அம்புலிமாமா. இரண்டும் 1947 ஜூலையில் சேர்ந்து பிறந்தவை. பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் அதே படம், வேறு எழுத்து. மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தன். அந்தப் படத்தைப் பாலமாக வைத்துக்கொண்டு நான் தெலுங்கு எழுத்து கற்றுக்கொண்டேன். இன்றும் நகரி, புத்தூர் பேருந்துப் பலகைகளைத் தடங்கலில்லாமல் படிக்கிறேன்.

ஐந்து பேரும் அடித்துக்கொள்வது மட்டும் இரண்டு பேருக்காக: இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர்.

மாயாவியின் உண்மைப் பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவன். அதற்குப் பதில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். 1962-இல் பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் தொடங்கிய கதை அது. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஜீசஸ் பிளாஸ்கோ. ஸ்பைடர் 1965-இல் 'லயன்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தோன்றியவன். கூரிய காது, கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவன் கதைகள் பலவற்றை எழுதினார். அங்கே பிள்ளைகள் வாரம் இரண்டு மூன்று பக்கமாகப் படித்ததைச் சிவகாசியில் சேர்த்துக் கட்டி ஒரே புத்தகமாகக் கொடுத்தார்கள். காசை எண்ணி வாங்கும் பிள்ளைக்கு முழுக் கதை கிடைத்தது அதனால்தான்.

இந்த இருவரும் தொடக்கத்தில் கெட்டவர்கள். மாயாவி முதலில் திருடன். பிறகுதான் நிழல் படையில் சேர்ந்து நல்லவனானான். ஸ்பைடர் உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாகப் பார்த்தவன். பிறகு அதே குற்றவாளிகளோடு மோதத் தொடங்கினான். பேட்மேன் திகிலில் வந்தபோது ஆசையாகப் படித்தோம். ஆனால் முதல் பக்கத்திலிருந்தே நல்லவனாக இருப்பவனுக்காக நாங்கள் சண்டை போட்டதில்லை.

இதற்குக் காரணம் எங்கள் ஊர் என்றே நான் நம்புகிறேன். கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் நடக்காது. போர் முடித்து வந்த முருகன் சினம் தணிந்த இடம் இது. அதனால்தான் தணிகை. அன்று இங்கே மலர் அர்ச்சனைதான். சூரனும் அழியவில்லை. மயிலாகவும் சேவலாகவும் மாறி முருகனோடேயே இருக்கிறான். மலை மேல் மயிலைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வரும் பிள்ளைக்கு, பகைவனாகத் தொடங்கித் துணைவனாக முடிகிறவன் புதியவன் இல்லை. ஸ்பைடரைப் பார்த்ததுமே எங்களுக்கு அவனைத் தெரிந்திருந்தது.

1990-இல் இந்திரஜால் காமிக்ஸ் நின்றது. அதில் வேதாளராக வந்த முகமூடி வீரர், ராணியில் மாயாவி என்ற பெயரில் வந்தார். அவர் வேறு, இரும்புக்கை மாயாவி வேறு என்று என் தம்பிக்குப் புரியவைக்க ஒரு மாலை முழுக்க ஆனது. 2005-இல் ராணி காமிக்ஸும் நின்றது. கயிற்றில் கிளிப்புகள் மட்டும் கொஞ்ச நாள் தொங்கின. 2012 ஜனவரியில் லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' போட்டு மீண்டும் எழுந்தது. இன்று லயனும் முத்துவும் வழவழத் தாளில், பல வண்ணத்தில் வருகின்றன. ஆனால் பெரும்பாலும் சந்தா கட்டியவர் வீட்டுக்குக் கூரியரில் போகின்றன. வாங்குகிறவர்களில் பலர் என் வயதுக்காரர்கள்.

போன சென்னைப் புத்தகக் காட்சிக்கு என் பேத்தியை அழைத்துப் போனேன். அவள் கையில் இருநூறு ரூபாயைக் கொடுத்து, இதற்குள் ஒன்று எடு, எது என்று நான் சொல்லமாட்டேன் என்றேன். அரை மணி நேரம் எடுத்தாள். எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

பெற்றவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்காதீர்கள். காசைக் கொடுத்துக் கடை முன்னால் நிறுத்துங்கள். வண்டி போனால் போகட்டும்.