எரிந்த வீடும் மரபுக் கட்டடமும்



சென்னை அண்ணா சாலையில் கோபுரங்களோடும் வளைவுகளோடும் நிற்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை உங்களில் பலர் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1897இல் டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. 1934இல் பாரத் இன்சூரன்ஸ் அதை வாங்கியது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனபோது எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. 2006இல் எல்.ஐ.சி. அதை இடிக்கத் தொடங்கியதும் ‘இன்டாக்’ என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடிப்பு நின்றது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மரபுக் கட்டடங்களைக் காக்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்றது. நீதிபதி பத்மநாபன் குழுவின் அறிக்கையில் இருந்த 400க்கும் மேற்பட்ட கட்டடங்களின் பட்டியலுக்கு அதன் பிறகுதான் ஒரு மதிப்பு உண்டானது. 2012இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வராமல் பல ஆண்டுகள் கோப்பிலேயே கிடந்தது வேறு கதை.

இந்த வேலையை நாம் இளக்காரமாகப் பார்க்கவில்லை. அரசு நிறுவனமே இடிக்க வந்த கட்டடத்தை, கையில் காகிதங்களோடு நீதிமன்றப் படியேறி நிறுத்தியவர்கள் அவர்கள். நம்மிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருந்தது: பட்டியல். எது இருந்தது, எங்கே இருந்தது, எப்போது கட்டியது என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதி வைத்ததைத்தான் நீதிமன்றத்தில் காட்ட முடியும்.

ஆனால் ஒரு கட்டடம் அந்தப் பட்டியலுக்குள் நுழைய என்ன வேண்டும்? வயது வேண்டும். வடிவமைத்தவரின் பெயர் இருந்தால் நல்லது. உரிமையாளர் யாரென்று பத்திரம் பேச வேண்டும். 1958ஆம் ஆண்டின் மத்திய தொல்லியல் சட்டம் நினைவுச் சின்னத்துக்கு 100 ஆண்டு வயது கேட்கிறது. சேரியில் 100 ஆண்டு நிற்கும் சுவர் எங்கிருந்து வரும்? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் தலித்துகள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பது அதில் ஒன்று. பித்தளைக் குடத்துக்கே தடை போட்ட சமூகம் காரைச் சுவரை விட்டு வைத்திருக்குமா? நம் வீடுகள் மண்ணாலும் ஓலையாலும் ஆனவை. மழையில் கரைந்தன, தீயில் போயின. கரையாத, எரியாத வீடு கட்டியவன் வரலாறு உள்ளவன் ஆனான்.

இந்தக் கேள்வியோடு நம் தர்மபுரிக்கு வருவோம். இங்கே பழமைக்குக் குறைவில்லை. அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலின் ஓவியங்கள் இருக்கின்றன. தர்மபுரிக் கோட்டைக் கோயில் இருக்கிறது. 1970களில் தொல்லியல் துறை இந்தப் பகுதி முழுக்கத் தேடி நடுகற்களைப் பதிவு செய்தது. ஆநிரை மீட்டுச் செத்தவர்களின் பெயர்கள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூரில், எசமானோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் பெயர் பொறித்த கல் உண்டு. அந்த ஆநிரையை மேய்த்தவர்கள் யார், அவர்களுக்குக் கல் உண்டா என்று ஆய்வு மாணவர் யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

தாமஸ் மன்றோவும் இங்கே இருந்தார். 1792 முதல் 1799 வரை, பாரமகால் ஆங்கிலேயர் கைக்கு வந்த புதிதில், அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலத்தை அளந்து வரி விதிக்கும் வேலை. தர்மபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். அவர் பெயரைச் சொல்லும் தூண் இங்கே நிற்கிறது. இந்த மண்ணில் உருவான ரயத்துவாரி முறைதான் பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. பட்டா யார் பெயரில் இருந்ததோ அவர் கணக்கில் ஏறினார். அந்த வயலில் உழைத்த பண்ணையாள் கணக்கில் ஏறவில்லை. சுமார் 100 ஆண்டு கழித்து, 1891இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதியபோதுதான், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பது அரசின் காதில் விழுந்தது. பஞ்சமி நிலம் அதிலிருந்து வந்தது. ஆக, கட்டடத்துக்கு முன்னால் மனை. மனை இல்லாதவனுக்கு மரபுக் கட்டடம் எப்படி வாய்க்கும்?

வருவாய்த் துறை மொழியில் குடியிருப்பு மனைக்கு ‘நத்தம்’ என்று பெயர். நாயக்கன்கொட்டாய் அருகே அதே பெயரில் ஒரு காலனி இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளிலும் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. உங்களுக்குத் தெரிந்த செய்திதான். இங்கே அந்த வீடுகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அவற்றில் பல, பெங்களூருக்குப் போய்ப் பார்த்த வேலையின் கூலியில் எழுந்தவை. ஓலை ஓடாகி, ஓடு தளமாவதற்கு ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறை பிடிக்கும். உள்ளூர்ப் பண்ணைக்குக் கூலியாகப் போகாமல் வாழ முடியும் என்பதற்கு அந்தத் தளம்தான் சாட்சி. கும்பல் சுவரை மட்டும் குறிவைக்கவில்லை. பீரோவை உடைத்தது, வண்டிகளைக் கொளுத்தியது. சான்றிதழ்களும் குடும்ப அட்டைகளும் சாம்பலாயின. அந்த வீட்டின் வரலாற்று மதிப்பு எரித்தவனுக்குத் தெரிந்திருந்தது. பட்டியல் போடுகிறவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அப்படியானால் கருகிய சுவரை அப்படியே விட்டு வைத்திருக்க வேண்டுமா? நம் தோழர்கள் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். நமக்கு உடன்பாடில்லை. மழை ஒழுகாத கூரையும், பிள்ளை உட்கார்ந்து படிக்கக் கரியில்லாத ஒரு மூலையும் அந்தக் குடும்பத்தின் தேவை. அவர்கள் வீட்டை நம் அருங்காட்சியகமாக ஆக்க நமக்கு உரிமை கிடையாது. கீழ்வெண்மணி வேறு. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்த குடிசைக்குள் மறுபடி யாரும் குடியேற முடியாது. அங்கே நினைவுச் சின்னம் எழுந்தது சரி. நத்தத்தில் ஆட்கள் வாழ்கிறார்கள். வாழும் வீட்டைப் பூசத்தான் வேண்டும். பூசுவதற்கு முன் அளந்து, படம் எடுத்து, எழுதி வைத்திருக்க வேண்டும். உண்மை அறியும் குழுக்கள் சேதத்தை எழுதின. வீட்டின் கதையை எழுத அவர்களுக்கு நேரமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடிப்பவர்கள் எப்போதும் வெளியிலிருந்துதான் வருவார்கள் என்பதில்லை. மும்பை தாதரில் அம்பேத்கரின் புத்த பூஷண் அச்சகம் இருந்த அம்பேத்கர் பவன், 2016 ஜூன் 25 அன்று விடிவதற்குள் இடிக்கப்பட்டது. இடிக்கச் செய்தது, அம்பேத்கர் தொடங்கிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்தவர்களே. பல மாடிக் கட்டடம் கட்டுவது திட்டம். ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்த பிறகும், போன சுவர் போனதுதான். அதற்கு முந்திய ஆண்டுதான் மகாராட்டிர அரசு, இலண்டனில் அவர் மாணவராகத் தங்கிய வீட்டைக் கோடிகள் கொடுத்து வாங்கியிருந்தது. புதிய மணிமண்டபத்துக்கும் வெண்கலச் சிலைக்கும் ஓடுகிற நம் ஆர்வம், நம் ஆட்கள் கூடிய பழைய ஓட்டுக் கட்டடத்தின் பக்கம் திரும்புவதில்லை.

ஆகவே நம் பட்டியலை நாமே எழுதத் தொடங்க வேண்டும். அதில் அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் வரும். முதல் தலைமுறை படித்த விடுதிகள் வரும். இரவுப் பாடசாலை நடந்த திண்ணை, ஊர்ப் பொதுக்கிணற்றில் விடாததால் தனியாக வெட்டிய கிணறு, காலனியில் முதலில் தளம் போட்ட வீடு எல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் போதும். மனை யார் பெயரில்? காசு எந்த வேலையிலிருந்து? கொத்தனார் யார்? யார் தடுத்தார்கள்? கொத்தனார் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். அண்ணா சாலைக் கட்டடத்துக்கு அது கிடைக்கவில்லை. மாணவர்களிடம் கைப்பேசி இருக்கிறது, ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் வாங்கினால் முடிந்தது. முதலில் எழுபது வயது தாண்டியவர்களிடம் போங்கள். நத்தத்திலிருந்தே தொடங்கலாம், அங்கே குடியிருப்பவர்கள் சம்மதித்தால்.