திருகோணமலை மாவட்டமும் 2019 ஜனாதிபதித் தேர்தலும்

2019 நவம்பர் 16 அன்று நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் திருகோணமலை மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு 166,841 வாக்குகளை அளித்தது. இது செல்லுபடியான வாக்குகளில் 72.10 சதவீதம். கோட்டாபய ராஜபக்ச பெற்றவை 54,135 வாக்குகள், அதாவது 23.39 சதவீதம். நாடளவிலோ கோட்டாபய 52.25 சதவீதத்துடன் வென்றார். 22 தேர்தல் மாவட்டங்களில் சஜித் முன்னிலை பெற்றவை ஆறு மட்டுமே.

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மாவட்ட வெற்றி தனியே கணக்கில் சேர்வதில்லை. நாடு முழுவதும் ஒரே தொகுதி. மாவட்டம் வாக்கெண்ணும் அலகு மாத்திரமே. எனினும் மாவட்ட முடிவு அங்குள்ள மக்களின் அரசியல் சாய்வைத் தெளிவாகக் காட்டுகிறது.

திருகோணமலை, மூதூர், சேருவில என்னும் மூன்று தொகுதிகளைக் கொண்டது இம்மாவட்டம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதம், தமிழர் 31 சதவீதம், சிங்களவர் 27 சதவீதம். எந்தச் சமூகமும் தனித்துப் பெரும்பான்மை பெற இயலாது. 2019இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும், முஸ்லிம் காங்கிரசும், அகில இலங்கை மக்கள் காங்கிரசும் ஒரே வேட்பாளரை ஆதரித்தன. அவ்வாண்டின் பெருவெற்றிக்கு இந்த இணைவே அடிப்படை.

இப்போக்கு புதியதன்று. போர் முடிந்த மறு ஆண்டான 2010இல், நாடளவில் தோற்ற சரத் பொன்சேகாவுக்கு மாவட்டம் 54.09 சதவீதம் அளித்தது. 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு 71.84 சதவீதம் கிடைத்தது. அம்முறை மாவட்டத்தின் தெரிவும் நாட்டின் தெரிவும் ஒன்றாயின. 2015க்கும் 2019க்கும் இடையில் வேட்பாளரும் நாட்டின் முடிவும் மாறியபோதும் மாவட்டத்தின் விகிதம் ஏறக்குறைய அப்படியே நின்றது.

2024 ஜனாதிபதித் தேர்தலில் இந்த ஆதரவு தளர்ந்தது. சஜித் மீண்டும் முதலிடம் பெற்றாலும் அவரது பங்கு 50.36 சதவீதமாகக் குறைந்தது. அநுர குமார திசாநாயக்க 20.83, ரணில் விக்கிரமசிங்க 16.91, தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரன் 7.74 சதவீதம் பெற்றனர். அதே ஆண்டு நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி இம்மாவட்டத்தில் முதலிடம் பெற்றது.