புரத மாவு வந்த வழி



பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குப் பிரியும் வீதியில் மாலை வேளையில் செல்வோர், கரப்பந்தாட்டம் ஆடும் இளைஞரைக் காணாமற் செல்ல இயலாது. அவர்களுள் என் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் பலர் உளர். ஒருநாள் அவர்களுள் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். உடற்பயிற்சி முடிந்தபின் பாலிற் கலந்து குடிக்கும் புரத மாக்களுள் எது சிறந்தது என்று வினவினான். நான் மறுமொழி கூறுமுன்னரே, "சேர், டப்பா வாங்க வீட்டில வசதியில்லை. தங்கச்சிக்கு கிளினிக்கில தாற திரிபோஷாவைக் கலந்து குடிச்சா அதே பலன் கிடைக்குமா?" என்றும் கேட்டுவிட்டான்.

அவன் தந்தையார் உப்பளத்தில் நாட்கூலி. அவ்வினாவை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு விடை தேடப் புகுந்தபோது கண்ட வரலாற்றையே இன்று தங்கள்முன் வைக்கின்றேன்.

புரோட்டீன் என்னும் பெயர் 1838ஆம் ஆண்டிற்றான் அச்சேறியது. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பேர்சிலியசு கூற, ஒல்லாந்தரான முல்டர் அதனை வழங்கினார். முதன்மையானது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அது. அடுத்து வந்த ஜேர்மானியப் பேரறிஞர் லீபிக், தசை உழைக்கும்போது தசைப்பொருளே எரிந்து சக்தி தருகின்றது என்று கற்பித்தார். அவ்வாறாயின் உழைப்பாளி இழந்த தசையை இறைச்சி உண்டே ஈடு செய்தல் வேண்டும் என்றாகும். உலகம் அதனை நம்பியது.

இதில் 1865ஆம் ஆண்டு சுவையான ஆண்டு. அவ்வாண்டிலேதான் லீபிக்கின் பெயரால் இறைச்சிச் சாற்றுக் கம்பெனி இலண்டனில் நிறுவப்பட்டது. தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டில் மாடுகள் அறுக்கப்பட்டன. ஏறத்தாழ 30 இறாத்தல் இறைச்சியிலிருந்து ஓர் இறாத்தல் சாறு வடிக்கப்பட்டது. மணமும் சுவையும் அதில் இருந்தன. புரதமோ பெரும்பாலும் சக்கையோடு போயிற்று!

அதே 1865ஆம் ஆண்டு ஓகத்து மாத இறுதியில், சூரிச் நகரத்துப் பேராசிரியர் இருவர், ஃபிக், விஸ்லிசேனஸ் என்போர், சுவிற்சர்லாந்தின் பவுல்ஹோர்ன் மலைமீது ஏறினர். ஏறுவதற்கு முன்னாளிலிருந்தே புரதமுள்ள எதனையும் அவர்கள் உண்டிலர். மாப்பொருளைக் கொழுப்பிற் பொரித்த பணியாரமும் சர்க்கரையிட்ட தேநீருமே உணவு. வழிநெடுகத் தம் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்த நைதரசனை அளந்தனர். உடலில் எவ்வளவு புரதம் சிதைந்தது என்பதை அக்கணக்குக் காட்டும். அந்தோ லீபிக்! சிதைந்த புரதம் முழுவதும் எரிந்திருப்பினும், இரு உடல்களை ஏறக்குறைய 2,000 மீற்றர் உயரத்துக்குத் தூக்கிச் செல்ல அது போதாது. உழைப்புக்கு எரிபொருள் மாச்சத்தும் கொழுப்புமே. புரதம் தசையைக் கட்டவும் பழுதுபார்க்கவும் உதவுவது என்னும் தெளிவு அம்மலையிலிருந்தே வளர்ந்தது. எம் ஊர் உப்பளத் தொழிலாளர் சோறுண்டு மூட்டை சுமப்பதைக் கண்டிருந்தால் பேராசிரியர் இருவரும் மலையேறும் சிரமத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு.

1883இல் டென்மார்க்கில் மதுவடிசாலை ஆய்வுகூடமொன்றிற் பணிபுரிந்த கெல்டால், தானியத்திலுள்ள நைதரசனை எளிதில் அளக்க வழி கண்டார். அத்தொகையை 6.25 ஆற் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும். இன்றும் டப்பாக்களின்மீது அச்சிடப்படும் எண் பெரும்பாலும் இம்முறையின் வழிவந்ததே. ஆனால் இம்முறை நைதரசனைக் காணுமேயன்றிப் புரதத்தைக் காணாது. இக்குறையை வஞ்சகர் கண்டுகொண்டனர். 2008இல் சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமின் என்னும் நைதரசன் மிகுந்த பொருளைச் சேர்த்துப் புரதக் கணக்கை உயர்த்தினர். ஆறு குழந்தைகள் மாண்டன. இலட்சக்கணக்கான குழந்தைகள் நோயுற்றன. உடற்பயிற்சி மாக்களிலும் கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைச் சேர்த்து எண்ணை உயர்த்தும் வித்தை உண்டு. ஆகவே டப்பா வாங்க வல்லார், பெரிய எண்ணை மட்டும் பாராமல், உட்பொருட் பட்டியலையும், சுதந்திரமான ஆய்வுகூடம் சோதித்த குறியையும் பார்த்தல் நலம்.

இனி, மா எவ்வாறு பிறந்தது? அமெரிக்காவில் 1950களிற் பளுதூக்கற் சஞ்சிகை நடத்திய பொப் ஹொஃப்மன் சோயா மா விற்றார். இன்று பெரிதும் விலைபோகும் 'வே' மாவோ, பாற்கட்டி செய்யும்போது எஞ்சும் தெளிநீரின் புரதம். பத்து லீற்றர் பாலில் ஒரு கிலோ பாற்கட்டி கிடைத்தால் ஏறத்தாழ ஒன்பது லீற்றர் தெளிநீர் மிஞ்சும். அதைப் பன்றிக்கு ஊற்றினர், ஆற்றில் விட்டனர். ஆறு கெடுவதைத் தடுக்கச் சட்டங்கள் இறுகின. நுண்ணிய சவ்வுகளால் வடிக்கும் முறையும் வந்தது. கழிவு காசாயிற்று.

இதே காலத்தில் வேறொரு மாவும் நடைபயின்றது. அது பசித்த குழந்தைக்கானது. 1950இல் மைசூரிற் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில், எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவையும் கடலைமாவையும் கலந்து பல்நோக்கு உணவு ஒன்றை ஆக்கினர். நம் நாட்டில் 1973இல் திரிபோஷாத் திட்டம் தொடங்கியது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அம்மா, கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டுவோருக்கும் எடை குறைந்த சிறுகுழந்தைகளுக்கும் உரியது. உணவுத் தட்டுப்பாடு நிலவிய அவ்வாண்டுகளில் அப்பொதியைக் கண்டு மகிழ்ந்த குழந்தைகளுள் நானும் ஒருவன். ஒரு பொதியை வீட்டார் அனைவரும் பங்கிட்டுண்டதும் எனக்கு நினைவிருக்கின்றது. அதனால் கைக்குழந்தைக்குக் குறைந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது.

ஆகவே மாணவனிடம், "தம்பி, அது உன் தங்கையின் பங்கு, தொடாதே" என்றேன். பின்னர் ஒரு தாளை எடுத்தோம். சாதாரண மனிதனுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும். கடும் பயிற்சி செய்வோருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு மருத்துவ அறிஞர் கூறுவர். அவன் எடை 55 கிலோ. எனவே 66 கிராமாவது வேண்டும். வீட்டில் உண்பதை எழுதி வரச் சொன்னேன். கருவாட்டை மட்டும் அளவோடு கொள்ளச் சொன்னேன். நன்கு காய்ந்த நெத்தலியில் ஏறத்தாழப் பாதி புரதமெனினும், எம் கரையின் உப்பும் அதில் ஏராளம்.

மறுவாரம் கொப்பியுடன் வந்தான். இரண்டு முட்டை 12, மீன் 22, கௌபி 12, ஒரு குவளைப் பால் 6. ஆக 52 என்று கூட்டியிருந்தான். முகம் வாடியிருந்தது.

"சோறு எங்கே?" என்றேன்.

"சோற்றில புரதம் இருக்கா சேர்?"

முந்நூறு கிராம் அரிசியில் 21 கிராம் உண்டு என்று அவன் கையாலேயே எழுதுவித்தேன். 73 வந்தது. கொப்பியை மூடிக்கொண்டு, ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான்.