கொக்கலைக்கு ஓர் ஆகாய மார்க்கம்

பெர்த் நகரத்திலிருந்து லண்டனுக்கு 14,498 கிலோமீட்டர் தூரத்தை எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கடக்கும் விமானம் 2018 மார்ச் மாதம் முதல் பறக்கிறது. அதே பெர்த்திலிருந்து இலங்கையில் காலி நகரை அடுத்த கொக்கலை ஏரிக்கு, அதாவது அத்தூரத்தில் பாதிக்கும் குறைவான சுமார் 5,650 கிலோமீட்டருக்கு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் 27 முதல் 33 மணி நேரம் ஆயிற்று என்பதைப் பலர் அறியார்.

1938 முதல் சிட்னிக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நீர்விமானங்கள் சிங்கப்பூர் வழியாகத் தபாலையும் பிரயாணிகளையும் ஏற்றிச் சென்றன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் அந்த மார்க்கம் அறுந்தது. ஜாவாவும் சுமத்ராவும் பகைவர் கையில் இருந்தபடியால், தங்கிச் செல்ல ஒரு துறையுமின்றி இந்து மகா சமுத்திரத்தை ஒரே வீச்சில் கடப்பதன்றி வேறு வழியில்லாது போகவே, ஆஸ்திரேலிய விமான ஸ்தாபனமான குவாண்டாஸ் 1943-இல் ஐந்து கேட்டலினா நீர்விமானங்களைக் கொண்டு பெர்த்-கொக்கலை சேவையைத் தொடங்கிற்று.

பெட்ரோலின் பாரமே பெரும்பாரமாகிவிட்டதால், ஒரு பயணத்தில் மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மேல் இடமில்லை. புறப்பட்ட முதல் பல மணி நேரத்தில் இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றாலும் அவ்வளவு பாரத்துடன் உயரத்தில் நிலைக்க இயலாது. பகைவர் செவியில் விழாதிருக்க ரேடியோவை மௌனமாக வைத்து, மாலுமிகள் நக்ஷத்திரங்களை அளந்தே திசை கண்டார்கள். விமானங்களுக்கும் நக்ஷத்திரப் பெயர்களையே சூட்டினார்கள். நமது பஞ்சாங்கத்தின் திருவோணமும் கேட்டையும் சித்திரையும், ஆல்டேர், அண்டாரெஸ், ஸ்பைகா என்னும் பெயர்களில் அவ்வரிசையில் இருந்தன. ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டவர்கள் என்பதற்கு அடையாளமாகப் பிரயாணிகளுக்கு ஒரு பத்திரமும் வழங்கப்பட்டது. பகல் முழுதும் இரவு முழுதும் நீரையன்றி வேறொன்றும் காணாத அம்மனிதர்களின் மனோதைரியத்தை எண்ணும்போது என் உள்ளம் வணங்குகிறது.

கொக்கலையை வெறும் இறங்குதுறையாக நினைப்பது நியாயமன்று. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்த ஊர் அது. விமானத்தளம் அமைப்பதற்காக அங்கிருந்த கிராமத்தவர் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையை 1942 ஏப்ரல் 4 அன்று கண்டு எச்சரித்த கனடிய விமானி லியோனார்ட் பர்ச்சால் புறப்பட்டதும் அந்த ஏரியிலிருந்தே.

1945 ஜூலை வரை 271 முறை சமுத்திரத்தைக் கடந்த அச்சேவையில் ஓர் உயிரும் சேதமாகவில்லை. ஆயினும் யுத்தம் முடிந்ததும், அமெரிக்கா அவற்றைக் கடன்-குத்தகை ஏற்பாட்டில் கொடுத்திருந்த நிபந்தனையின்படி, அவ்விமானங்களை ஆஸ்திரேலியக் கரைக்கப்பால் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். ஒன்றையேனும் பின்வருவோர் காண விட்டுவைத்திருக்க வேண்டும்.