மங்கிய முன்விளக்கு: வீட்டு முற்றத்திலேயே வெளிச்சத்தை மீட்கலாம்

வட்டுக்கோட்டையிலிருந்து பொன்னாலை வழியாகக் காரைநகர்ப் பாலத்தை நோக்கி இரவில் வாகனம் ஓட்டியவர்களுக்கு முன்விளக்கின் அருமை தெரியும். பாலத்தின் இருபக்கமும் கடல்நீர். ஊருக்குள் திரும்பினாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. லைற் இல்லாத சைக்கிளில் வேலை முடிந்து வருபவர், வீதியோரம் நடந்துபோகும் முதியவர், தார் வீதியில் சூடு தேடிப் படுத்திருக்கும் மாடு என எல்லாமே நமது விளக்கின் எல்லைக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

அவர்களில் சிலர் நம்மைக் கண்டவுடன் ஒதுங்கக் கூடியவர்கள் அல்லர். போரில் காலை இழந்தவர் சட்டென்று விலக முடியாது. ஷெல் வெடிப்பில் காது கேளாமல் போனவருக்குப் பின்னால் வரும் வாகனத்தின் சத்தம் கேட்காது. அவரை நாம்தான் முதலில் காண வேண்டும்.

எங்கள் வீட்டுப் பழைய காரின் முன்விளக்குகள் பால் படிந்ததுபோல மங்கி, ஓரங்களில் மஞ்சளாகிக் கிடந்தன. ஒரு காலைப் பொழுதில் முற்றத்தில் வைத்தே அவற்றைத் துலக்கினேன். வேலை கடினமானதல்ல. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மங்கலைத் தேய்த்து எடுப்பது பாதி வேலைதான். அதன்மேல் பாதுகாப்புப் பூச்சு போடாவிட்டால் விளக்கு முன்னையதைவிட வேகமாக மங்கிவிடும்.

ஏன் மங்குகிறது?

பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40, மொறிஸ் மைனர் கார்களை யாழ்ப்பாணத்தில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றின் முன்விளக்கு மூடி கண்ணாடியாலானது. கல் பட்டால் உடையும். ஆனால் வெயிலில் மஞ்சளாகாது.

1980களின் நடுப்பகுதியிலிருந்து உற்பத்தியாளர்கள் பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக்குக்கு மாறத் தொடங்கினர். பாரம் குறைவு, இலகுவில் உடையாது, விரும்பிய வடிவில் வார்க்கலாம். இன்று நமது வீதிகளில் ஓடும் ஜப்பானிய கார்களிலும் வான்களிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். பொலிகாபனேற்றுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு: சூரியனின் புறஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும், மேற்பரப்பு மென்மையாக இருப்பதால் எளிதில் கீறல் விழும். அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் ஒரு மெல்லிய கடினப் பூச்சு போடுகிறார்கள். பல வருட வெயில் அந்தப் பூச்சை அரிக்கிறது. புழுதியும் மணலும் மீதியைச் சுரண்டுகின்றன. பூச்சு உரிந்த இடத்தில் பிளாஸ்ரிக் நேரடியாக வெயிலுக்கு அகப்படுகிறது.

வெயில் நமக்கு எப்போதும் உள்ளதுதான். இப்போது கூடியிருப்பது வாகனங்களின் வயது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருந்த வாகனங்களையே எல்லோரும் ஓட்டினோம். விலையைப் பார்த்தால் இன்னும் பல வருடங்களுக்கு அவற்றையே ஓட்டுவோம்.

எவ்வளவு வெளிச்சம் போகிறது?

அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2018இல் இதை அளந்து வெளியிட்டது. நன்றாக மங்கிய முன்விளக்கு, தாழ்வெளிச்சத்தில், புதிய விளக்கின் வெளிச்சத்தில் 22 வீதத்தையே தந்தது. துலக்கிய பிறகு அது ஏறத்தாழ 70 வீதத்துக்கு உயர்ந்தது.

வெளிச்சம் கால்பங்காகக் குறைந்தால், அதே அளவு வெளிச்சம் எட்டும் தூரம் பாதியாகும். புதிய விளக்கில் 60 மீற்றரில் தெரிந்த சைக்கிள்காரர், மங்கிய விளக்கில் 30 மீற்றருக்குள் வந்த பிறகே தெரிவார். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடும். கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன் என்றால் அதற்கே 21 மீற்றர் போய்விடும். காய்ந்த வீதியில் வாகனம் நிற்க மேலும் 14 மீற்றர் வேண்டும். மொத்தம் 35. நமக்குக் கிடைத்ததோ 30.

முதலில் ஒரு சோதனை

விளக்கின்மேல் தண்ணீரைத் தடவுங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் மீண்டும் மங்கினால் பழுது வெளிப்பரப்பில்தான். அதை வீட்டில் சரிசெய்யலாம். தண்ணீர் பட்டும் மாறாவிட்டால் பிளாஸ்ரிக்கின் ஆழத்தில் வெடிப்பு இருக்கலாம், அல்லது உட்பக்கத்தில் நீராவியோ அழுக்கோ படிந்திருக்கலாம். அதற்கு விளக்கைக் கழற்ற வேண்டும். உள்ளே உள்ள வெள்ளித் தகடு மங்கியிருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

தேவையானவை

தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய சாண்ட் பேப்பர் 800, 1000, 1500, 2000, 3000 என்ற இலக்கங்களில் ஒவ்வொன்று, மாஸ்கிங் டேப், வாளித் தண்ணீரும் சவர்க்காரமும், பொலிஷிங் கொம்பவுண்ட், சுத்தமான மென்துணிகள், ஐசோபுரோப்பைல் அற்ககோல், முன்விளக்குக்கான புறஊதாப் பாதுகாப்புப் பூச்சு. ஹாட்வெயார் கடையிலும் வாகன உதிரிப்பாகக் கடையிலும் விசாரித்தால் இவற்றைப் பெறலாம்.

செய்யும் முறை

1. காரை நிழலில் நிறுத்துங்கள். விளக்கைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி மணல் ஒன்றும் இல்லாமல் துடையுங்கள். சுற்றியுள்ள பெயின்ற்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு படையாக ஒட்டுங்கள்.

2. மங்கல் கடுமையாக இருந்தால் 800இல், இல்லாவிட்டால் 1000இல் தொடங்குங்கள். பேப்பரையும் விளக்கையும் எப்போதும் ஈரமாக வைத்து, இடமிருந்து வலமாக மட்டும் தேயுங்கள். முதலில் வழியும் நீர் மஞ்சளாக இருக்கும். அது பால்நிற வெள்ளையாகும்வரை விடாதீர்கள். பழைய பூச்சு திட்டுத்திட்டாக மிஞ்சக் கூடாது.

3. அடுத்த பேப்பருக்கு மாறும்போது திசையையும் மாற்றி, மேலிருந்து கீழாகத் தேயுங்கள். முந்தைய கீறல்கள் முழுதும் மறைந்தனவா என்று இதனால் தெரியும். ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டு 1500, 2000, 3000 என்று போங்கள். இந்தக் கட்டத்தில் விளக்கு முன்னையதைவிட மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம்.

4. துணியில் கொம்பவுண்டைத் தொட்டு, சிறு வட்டங்களாக அழுத்தித் தேயுங்கள். தெளிவு வரத் தொடங்கும். மெஷின் பாவித்தால் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். சூட்டில் பிளாஸ்ரிக் கெடும்.

5. அற்ககோல் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசையை நீக்கிக் காயவிடுங்கள். அதன்பின் விரல் படக் கூடாது.

6. பாதுகாப்புப் பூச்சை அதன் உறையில் சொன்னபடி மெல்லியதாகப் போடுங்கள். காற்றும் புழுதியும் இல்லாத இடம் நல்லது. ஒருநாள் முழுதும் தண்ணீர் படாமல் வைத்திருங்கள்.

நீண்டகாலம் நிலைப்பது, கராஜில் அடிக்கும், ஹார்ட்னர் கலந்த கிளியர் கோட். அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் நுரையீரலுக்குக் கேடு. வீட்டில் அதை அடிக்க வேண்டாம். தேய்க்கும் வேலையை நீங்களே முடித்து, பூச்சை மட்டும் தகுந்த முகமூடியும் வசதியும் உள்ள பெயின்ற் அடிப்பவரிடம் கொடுத்தால் செலவும் குறையும். எதுவும் கிடைக்காத நிலையில் கார் மெழுகாவது பூசுங்கள். ஆனால் அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

செய்யக் கூடாதவை

பற்பசையால் தேய்த்தால் பளிச்சென்று வரும். அது மெல்லிய அரைபொருள். இலேசான மங்கலை எடுக்கும், பாதுகாப்பு எதுவும் தராது. நுளம்புக்குப் பூசும் மருந்தைத் தடவுவதும் வீடியோக்களில் வருகிறது. அதிலுள்ள டீற் என்ற இரசாயனம் பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைப்பதால்தான் தற்காலிகமாகப் பளபளக்கிறது. பிறகு நிலைமை மோசமாகும். பெற்றோல், தின்னர், அசிற்றோன் பட்டால் பொலிகாபனேற்றில் நுண்வெடிப்புகள் விழும். அவை தேய்த்தாலும் போகா. எண்ணெய் தடவுவது கீறல்களை நிரப்பி இரண்டு நாள் கண்ணை ஏமாற்றும், அவ்வளவுதான்.

மங்கிய விளக்குக்குப் பதிலாக அதிக வோற்ஸ் பல்ப்போ, ஹலோஜன் விளக்குக்குள் எல்ஈடி பல்ப்போ போடுவது இன்னொரு பழக்கம். மங்கிய மூடி ஒளியைச் சிதறடிக்கும். அதனுள் வெளிச்சத்தைக் கூட்டினால் எதிரே வருபவரின் கண்தான் கூசும். பழைய ஹலோஜன் பல்ப்பை மாற்றுவதென்றால் அதே வோற்ஸில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பல்ப்பின் கண்ணாடியில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிலில் பாருங்கள்

வேலைக்கு முதல்நாள் இரவு காரை மதிலிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நிறுத்தி, தாழ்வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்த இரவு அதே இடத்தில் இன்னொன்று எடுங்கள். எங்கள் மதிலில் முதல்நாள் கரைந்து பரவியிருந்த வெளிச்சத்துக்கு மறுநாள் தெளிவான மேல்விளிம்பு இருந்தது. இரண்டு விளக்குகளின் விளிம்பும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் கராஜில் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

ஓட்டோ, மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான். விளக்கு சிறிது, வேலையும் சிறிது. மிஞ்சும் சாண்ட் பேப்பரும் கொம்பவுண்டும் அயல்வீட்டு வாகனத்துக்கும் போதும். அதோடு வீட்டிலுள்ள சைக்கிளின் பின்பக்கத்தில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்ரரையும் பூட்டிவிடுங்கள். அதற்கு மின்சாரமோ பற்றரியோ வேண்டாம். வருகிற வாகனத்தின் விளக்குத் தெளிவாக இருந்தால் போதும்.