பூட்டு செய்யும் பட்டறைக்கும் காவல் வேண்டும்

மேசைக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும் மின்னஞ்சல் அனுப்பும்போதும், அத்தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி காப்பவை குறியாக்க நிரலகங்கள். அவற்றுள் பரவலாகப் பயன்படுவது ஓபன்எஸ்எஸ்எல். அதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். ஆனால், கணினியில் நேரடியாக இயங்குவது மூலநிரல் அல்ல. அதிலிருந்து உருவாக்கப்படும் இயங்குநிரல். இந்த மாற்றத்தை வழிநடத்துபவை ‘பில்ட் ஸ்கிரிப்ட்’ எனப்படும் கட்டளைக் கோப்புகள்.

எந்த இயங்குதளத்துக்கு, எந்தச் செயலிக்கு நிரலை உருவாக்குவது, எந்த வசதியைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பனவற்றை இக்கோப்புகளே முடிவுசெய்கின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் இவற்றின் தேவை வேறு. ஆப்பிள் நிறுவனம் 2020இல் தனது மேக் கணினிகளில் சொந்தச் சில்லுகளைப் புகுத்தியதுபோல் மாற்றம் வரும்போதெல்லாம் இவற்றைத் திருத்தியாக வேண்டும். புகழ் தராத, முடிவில்லாத பணி இது.

இக்கோப்புகளின் வலிமையை 2014இல் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ குறைபாடு காட்டியது. சர்வர்களின் நினைவகத்திலிருந்து ரகசியங்கள் கசிய இடமளித்த அக்குறைபாட்டுக்குத் திருத்திய பதிப்பு வந்தது. உடனே அதற்கு மாற இயலாதவர்கள், ‘ஹார்ட்பீட்’ என்ற வசதியை விலக்கும் ஒரேயொரு கட்டளையுடன் நிரலகத்தை மீண்டும் உருவாக்கிக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டனர்.

பாதுகாப்பைத் தரும் அதே இடம், கெடுக்கவும் வழியாகும் என்பதை 2024இல் ‘எக்ஸ்இசட்’ விவகாரம் உணர்த்தியது. எக்ஸ்இசட் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்தான். எனினும், சில லினக்ஸ் வகைகளில் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் சேவையுடன் அது மறைமுகமாக இணைந்திருந்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஈராண்டுக்கும் மேலாகப் பங்களித்து நம்பிக்கை பெற்றவர், அதில் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். அதைத் தூண்டும் கட்டளை, பலரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பிலிருந்த பில்ட் ஸ்கிரிப்டில் மட்டுமே இருந்தது. சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்த தீநிரலை, உருவாக்கத்தின்போது அது வெளியே எடுத்துக் கலந்தது. தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு, காரணத்தைத் தேடி மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

தீர்வுகள் இல்லாமலில்லை. ஒரே மூலநிரலிலிருந்து யார் உருவாக்கினாலும் துளியும் மாறாத இயங்குநிரல் கிடைக்கச் செய்யும் முறையை டெபியன் உள்ளிட்ட திட்டங்கள் வளர்த்துவருகின்றன. உருவாக்கும் கணினியில் நடக்கும் கலப்படத்தை அது காட்டிக்கொடுக்கும். ஆனால், எக்ஸ்இசட் போன்ற சூழ்ச்சிக்கு அது மட்டும் போதாது. வெளியீட்டுத் தொகுப்பைப் பொதுக் களஞ்சியத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும்.

இவற்றைச் செய்ய ஆட்கள் தேவை. எக்ஸ்இசட்டைப் பராமரித்தவர் ஊதியம் பெறாத தன்னார்வலர்; அவரது களைப்பே சூழ்ச்சிக்காரருக்கு வாசலாயிற்று. ஜெர்மனி அரசு 2022இல் இத்தகைய திறந்தநிலை மென்பொருள்களுக்கென ‘சாவரின் டெக் ஃபண்ட்’ என்னும் நிதியத்தைத் தொடங்கியது. இந்த நிரலகங்களை நம்பி இயங்கும் மற்ற அரசுகளும் வங்கிகளும் தொழில்நுட்ப நிறுவனங்களும் அவ்வழியில் செலவிட முன்வர வேண்டும். பூட்டின் வலிமையைப் பேசும் நாம், அது உருவாகும் பட்டறையைக் கவனிப்பாரின்றி விடுவது அறிவுடைமை ஆகாது.